வேர் இழுக்கும் நோய்
(நீரிழிவு, சிறுநீரகம், வமிச வழி: ஒரு வரலாற்றுக் குறிப்பு)

போடிநாயக்கனூரில் சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருவோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேற்கே மலையை நோக்கி விரையும். போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை என ஏலமலைச் சரிவெங்கும் அவை பிரிந்து செல்லும். அதே வேளையில், வாரத்தில் மூன்று நாட்கள், வாடகைக் கார் ஒன்று எதிர்த்திசையில் தேனியை நோக்கிப் புறப்படும். அதில் என் அண்ணன் அமர்ந்திருப்பார். முப்பது ஆண்டுகள் அந்த மலைச் சரிவில் ஒரு தோட்டத்துக் கணக்கராக ஏறி இறங்கியவர், இன்று இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வதற்காகக் கீழ்த்திசை நோக்கிச் செல்கிறார்.

ஐந்தாண்டுகளுக்கு முன் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது. அறிக்கைகளைப் புரட்டிய மருத்துவர், "உங்கள் தகப்பனார் எப்படி இறந்தார்?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சர்க்கரை இருந்தது, வயதும் ஆகிவிட்டது" என்று சொல்லி வைத்தோம். 1987-ஆம் ஆண்டு அத்தா மவுத்தானபோது அவருக்கு வயது 54. எங்கள் விடை எவ்வளவு பொருந்தாதது என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அத்தாவின் தங்கையான எங்கள் மாமியிடம் சென்று கேட்டேன். எண்பதைக் கடந்த அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: "காலையில எந்திரிச்சா மொகமெல்லாம் உப்பி இருக்கும் தம்பி. ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நொரைக்குதுன்னு ஒங்க அத்தாவே சொல்வாரு. ஒங்க பெரியத்தாவுக்கும் இதே கணக்குத்தான்." இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். "வீட்டுல கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணு இருந்துச்சு. யாரு வெளிய சொல்லுவா? அப்புறம் மறந்துபோச்சு. நீங்களும் கேக்கலையே" என்றார்.

நாங்களும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஏழு தலைமுறைப் பெயர்களைத் தடையின்றி ஒப்பிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அரபு மக்களிடையே வமிச வரலாறு ‘இல்முல் அன்ஸாப்’ என்னும் தனிக் கலையாகவே வளர்ந்தது. யாருடைய மகன் யார் என்று எழுதி வைத்தோம். யார் எந்த நோயால் மறைந்தார் என்பதை எழுதவில்லை. அந்த ஒரு வரியின் விலை என்ன என்பதை, நீரிழிவு பற்றிய மருத்துவ வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். படித்தவற்றுள் நம் குடும்பங்களுக்கு வேண்டியதை மட்டும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஒரு சொல், மூன்று பொருள்

அரபு மொழியில் ‘இர்க்’ என்றொரு சொல் உண்டு. இரத்தம் ஓடும் குழாய்க்கு அது பெயர். மரத்தின் வேருக்கும் அதுவே பெயர். ஒரு குடும்பத்தின் மூல வமிசத்தையும் அச்சொல்லே குறிக்கும்.

மதரஸாவில் ஓதிய நாளில் இச்சொல்லை ஒரு நபிமொழியில் சந்தித்தேன். அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதாக புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் வருவது. தம் மனைவி தம் நிறத்துக்கு மாறாகக் கறுத்த பிள்ளையைப் பெற்றதாகக் கிராமவாசி ஒருவர் ஐயத்தோடு வந்து முறையிடுகிறார். அவருடைய ஒட்டகங்களின் நிறம் என்ன என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவுகிறார்கள். சிவப்பு என்கிறார். அவற்றுள் சாம்பல் நிறத்தது உண்டா என்கிறார்கள். உண்டு என்கிறார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, முன்னோர் வேர் ஒன்று அதனை இழுத்திருக்கக் கூடும் என்ற விடை பிறக்கிறது. பிள்ளையின் நிலையும் அதுவேயாகலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவர் ஐயத்தை அகற்றுகிறார்கள். பெற்றோரிடம் வெளிப்படாதது முன்னோர் வழியே பிள்ளையிடம் வெளிப்படலாம் என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

நீரிழிவு சிறுநீரகத்தைத் தாக்குவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியாகத்தான். யாரைத் தாக்கும், யாரை விட்டுவிடும் என்பதில் வமிச வேருக்கும் பங்கு உண்டு. குழாயும் வேரும் வமிசமும் ஒரே சொல்லில் அமைந்திருப்பதைக் கண்டு அந்நாளில் வியந்ததில்லை; இன்று வியக்கிறேன்.

ஏலமும் ஏடுகளும் சென்ற வழி

நம் மலையில் விளையும் ஏலத்தை அரபு மக்கள் ‘ஹைல்’ என்பர். காப்பியில் அதனை இடித்துப் போடாமல் விருந்தினரை உபசரிக்கும் வழக்கம் அந்நாடுகளில் அரிது. ஏலமும் மிளகும் மேற்கே சென்ற அதே கடல்வழியில் மருத்துவ ஏடுகளும் சென்றன.

நீரிழிவு இரு வகை என்று சுசுருத சங்கிதை பகுத்தது: பெற்றோர் வழியே பிறப்போடு வருவது ஒன்று, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது மற்றொன்று. முன்னதை உடையவர் மெலிந்தும், பின்னதை உடையவர் பருத்தும் இருப்பர் என்றும் அந்நூல் வேறுபடுத்திக் காட்டியது. அப்பாசிய கலீபாக்களின் காலத்தில், பர்மக் குடும்பத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் சுசுருதரின் நூலை அரபியில் தந்ததாக இப்னுந் நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் குறித்திருக்கிறார். 850-ஆம் ஆண்டளவில் அலீ இப்னு ரப்பன் தபரீ எழுதிய ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’வில் இந்திய மருத்துவத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. நோய் குடிவழியே வரலாம் என்னும் எண்ணம் நேற்று ஆய்வுக்கூடத்தில் முளைத்ததன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் நீரிழிவுக்கு வழங்கிய பல பெயர்களைத் தொகுத்துத் தருகிறார். அவற்றுள் ஒன்று ‘தூலாப்’, அதாவது நீர் இறைக்கும் சக்கரம். குடிக்கக் குடிக்கத் தாகம், தாகம் தீரத் தீரச் சிறுநீர் என்று சுழலும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுவதில்லை. இந்நோயாளரிடம் தசை அழுகல் தோன்றுவதையும் அவர் கண்டு குறித்துள்ளார். ஏலச் சரிவில் அட்டை கடித்த சிறு புண்ணோ, கல் கிழித்த கீறலோ ஆறாமல் கறுத்துப்போய்க் காலையே இழந்தவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். குருதி ஓட்டம் குன்றுவதும் உணர்ச்சி மரத்துப்போவதும் சேர்ந்து விளைவிக்கும் கேடு அது.

அவருக்குப் பின் வந்த அப்துல் லதீஃப் பக்தாதீ (1162–1231) நீரிழிவுக்கென்றே தனி நூல் இயற்றினார். எகிப்தின் பெரும் பஞ்சத்தில் மடிந்தோரின் எலும்புகளைத் தம் கண்ணாலேயே ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று கிரேக்க மேதை ஜாலீனூஸின் கூற்றையே திருத்தியவர் இவர். நூலில் உள்ளது எனினும் கண்ணால் கண்டதைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்னும் அந்தத் துணிவுதான் இந்நோயின் வரலாற்றைப் பிற்காலத்திலும் நகர்த்திச் சென்றது.

ஜாலீனூஸ் நீரிழிவைச் சிறுநீரகத்தின் நோய் என்றே கருதியிருந்தார். 1889-இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதற்கு நீரிழிவு தோன்றியது. நோயின் பிறப்பிடம் கணையம் என்பது தெளிவாயிற்று. சிறுநீரகம் நோயைப் பிறப்பிப்பதன்று. நோய்க்குப் பலியாவது என்பது அதன்பின்னரே விளங்கத் தொடங்கியது.

ஆயுள் நீண்டது, புதிய துன்பம் தெரிந்தது

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இளம் வயதில் நீரிழிவு கண்டவர்கள் மெலிந்து மடிவார்கள். இன்சுலின் வந்தபின் அவர்கள் பல்லாண்டு வாழ்ந்தார்கள். அவ்வாறு நீண்ட ஆயுளில்தான் கண், சிறுநீரகம், இதயம், கால் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லச் சிதைவது பெருமளவில் கண்ணுக்குத் தெரிந்தது.

1936-இல் பாஸ்டன் நகரில் கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்னும் இரு மருத்துவர்கள், இறந்த எட்டு நோயாளரின் சிறுநீரகங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வடிகட்டிகளில் முடிச்சுகள் திரண்டிருப்பதை விவரித்தார்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நுண்குழாய்களின் சிறு சுருள். அதைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு, இரத்தத்தின் கழிவை விட்டுப் புரதத்தைப் பிடித்து வைக்கும். சர்க்கரை மிகுந்த இரத்தமும் உயர்ந்த அழுத்தமும் நாளடைவில் அச்சவ்வைத் தடிக்கச் செய்து, அதன் ஒழுங்கைக் கெடுக்கும். அப்போது ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியும். மாமி சொன்ன சோப்பு நுரை அதுதான்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. நீரிழிவு உள்ளவர் அனைவருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. முப்பது ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தும் சிறுநீரகம் நலமாயிருப்போர் உண்டு. பத்தாண்டுகளில் இழந்தோரும் உண்டு. சர்க்கரையின் அளவு மட்டுமே காரணமாயின் இந்த வேறுபாடு ஏன்?

உடன்பிறந்தோர் அளித்த சாட்சி

இப்புதிரை அவிழ்த்ததில் சென்னைக்கும் பங்குண்டு. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விஸ்வநாதன், 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையை நிறுவினார். தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு உள்ள குடும்பங்களின் பிள்ளைகளை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1985-இல் முடிவுகளை வெளியிட்டனர். சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது.

நோய் குடிவழி வருகிறது என்பது சரி. சிறுநீரகக் கேடும் தனியே குடிவழி வருகிறதா? 1989-இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து விடை வந்தது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களின் உடன்பிறந்தோரில், தாமும் நீரிழிவு உடையவர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 83 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. சிறுநீரகம் கெடாதவர்களின் உடன்பிறந்தோரில் அது நூற்றுக்கு 17 மட்டுமே. மறு ஆண்டு, அரிசோனா மாநிலத்துப் பிமா பழங்குடியினரிடம் இரு தலைமுறைகளை ஒப்பிட்டனர். பெற்றோர் இருவருக்கும் சிறுநீரில் புரதம் இல்லையெனில் நீரிழிவுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 14 பேருக்கும், ஒருவருக்கு இருந்தால் 23 பேருக்கும், இருவருக்கும் இருந்தால் 46 பேருக்கும் அப்புரதம் காணப்பட்டது.

1999-இல் இராயபுரத்து ஆய்வாளர்கள் நம் தென்னாட்டுக் குடும்பங்களிலேயே இதனைச் சோதித்தார்கள். சிறுநீரகம் கெட்ட நோயாளரின் நீரிழிவுள்ள உடன்பிறந்தோரில் நூற்றுக்கு 50 பேருக்குப் புரதம் வெளிப்படையாகவே ஒழுகிற்று, மேலும் 26.7 பேருக்கு நுண்ணளவில் கசிந்தது. சிறுநீரகம் நலமாயிருந்த நோயாளரின் உடன்பிறந்தோரிலோ, வெளிப்படையாக ஒழுகியவர் ஒருவர்கூட இல்லை. நுண்ணளவில் கசிந்தவர் நூற்றுக்கு 3.3 மட்டுமே. சோதிக்கப்பட்டோர் தொகை சிறிது; எனினும் வேறுபாடு மிகப் பெரிது.

உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்வது வமிசத்தை மட்டுமன்று என்பதையும் இங்கே மறத்தலாகாது. ஒரே உலையில் பொங்கிய சோறு, ஒரே ஊறுகாய்ச் சாடி, ஒரே பழக்கவழக்கம் எல்லாம் அவர்களுக்குப் பொது. எனவே வேர் எவ்வளவு, வீடு எவ்வளவு என்று பிரித்தறிய மரபணுக்களையே நேராகப் பார்க்க வேண்டியதாயிற்று.

வேர் கேட்டை மட்டும் இழுப்பதில்லை

இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் வேலையில் ‘ஏசிஇ’ என்னும் நொதிக்குப் பங்குண்டு. அதற்கான மரபணு மனிதரிடையே இரு வடிவங்களில் காணப்படுகிறது. ஒரு துண்டு குறைந்த வடிவத்தை உடையவர்களின் இரத்தத்தில் அந்நொதி மிகுந்திருக்கும் என்று 1990-இல் பிரான்சு நாட்டார் கண்டனர். நீரிழிவுள்ளோரில் சிறுநீரகக் கேட்டுக்கும் அவ்வடிவத்துக்கும் தொடர்பு தெரிவதாக 2001-இல் சென்னை ஆய்வு தெரிவித்தது. எல்லா நாட்டிலும் இதே விடை கிடைக்கவில்லை. காரணம், இந்நோய்க்குப் பொறுப்பான மரபணு ஒன்றன்று, பல. ஒவ்வொன்றும் சிறிதளவே இழுக்கிறது.

2019-இல் வெளியான பெரியதோர் ஆய்வு, முதல் வகை நீரிழிவு உடைய ஐரோப்பிய வமிசத்தார் 19,406 பேரின் மரபணுக்களை ஒப்பிட்டது. சிறுநீரகக் கேட்டோடு தொடர்புள்ள இடங்கள் பதினாறு கண்டறியப்பட்டன. அவற்றுள் வலிமை மிக்கது, முன்னர் சொன்ன வடிகட்டிச் சவ்வை நெய்யும் கொலாஜன் புரதத்தின் மரபணுவில் இருந்தது. அங்கே காணப்பட்ட மாற்றம் கேடு செய்வதன்று, காப்பது. அதனைப் பெற்றவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு குறைவு. முன்னோர் வேர் நோயை இழுப்பது போலவே காவலையும் இழுத்து வருகிறது.

இழுப்பு, தீர்ப்பன்று

இவற்றையெல்லாம் கேட்டு, ‘நம் குடும்பத்தின் விதி இது’ என்று சோர்ந்து அமர்வோர் உண்டு. வரலாறு அந்தச் சோர்வுக்கு இடம் தரவில்லை. 1998-இல் முடிவு வெளியான பிரிட்டானிய ஆய்வில், சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியோருக்கு நுண்குழாய்க் கேடுகள் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தன. இரத்த அழுத்தத்தை இறுகக் கட்டுப்படுத்தியோருக்கு 37 பங்கு குறைந்தன. அதற்கு முன்பே, 1993-இல், மேற்சொன்ன நொதியைத் தடுக்கும் கேப்டோப்ரில் மாத்திரை, முதல் வகை நீரிழிவால் சிறுநீரகம் கெடத் தொடங்கிய 409 பேரிடம் சோதிக்கப்பட்டது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றின் ஆபத்து பாதியாகக் குறைந்தது. 2019-இல் கேனக்ளிஃப்ளோசின் என்னும் வேறு வகை மருந்து 4,401 பேரிடம் சிறுநீரகக் கேட்டைத் தாமதப்படுத்துவதைக் காட்டியது. அவ்வகையைச் சேர்ந்த டேபக்ளிஃப்ளோசின், 2020-இல் காப்புரிமை முடிந்ததும் நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கலாயிற்று. மருத்துவர் சொல்லாமல் எவரும் இவற்றைத் தொடலாகாது. ஆனால் வழி உண்டு என்பதை அறிதல் வேண்டும்.

வழி திறந்திருப்பது காலத்தே வருவோருக்கு மட்டுமே. நுரை கண்ணுக்குத் தெரியும்போது காலம் பெரிதும் கடந்திருக்கும். நுண்ணளவில் ஆல்புமின் கசிவதே வரப்போகும் கேட்டின் முன்னறிவிப்பு என்பதை 1982-இல் இலண்டனில் விபர்த்தியும், 1984-இல் டென்மார்க்கில் மோகென்சனும் காட்டினார்கள். அக்கசிவு சிறுநீரகத்தின் செய்தி மட்டுமன்று, இதயம் உள்ளிட்ட உடலெங்குமுள்ள குழாய்களின் செய்தி என்று 1989-இல் டென்மார்க் மருத்துவர்கள் கருத்துரைத்தார்கள். சென்னையில் நடந்த ஆய்வொன்று, நீரிழிவுள்ளோரில் நூற்றுக்கு 26.9 பேருக்கு நுண்கசிவு இருப்பதாக 2007-இல் தெரிவித்தது. முற்றிய நிலையில் இருந்தோர் 2.2 மட்டுமே. தடுத்து நிறுத்தத்தக்க நிலையில் இருப்போர் எத்தனை பேர் என்பதை இவ்விரு எண்களும் சொல்கின்றன. 2023-இல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேர் நீரிழிவுள்ளோர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நுண்கசிவை அறிய வேண்டுவது சிறிதளவு சிறுநீர். அதில் ஆல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த அன்றே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை; கூடவே இரத்தத்தில் கிரியேட்டினின். வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பின், நீரிழிவுள்ள ஏனைய உடன்பிறந்தோர் நாளையே செல்ல வேண்டும். நீரிழிவு இல்லாதோர் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையேறி இறங்கிய இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும், பீடி சிகரெட்டும் பலவீனமான குழாய்களுக்குப் பகை.

மாமி சொன்ன மறுவாரம் என் தங்கையை அழைத்துச் சென்றேன். அன்று கட்டிக் கொடுக்க வேண்டியிருந்த பெண் அவள்தான். எட்டாண்டுகளாக நீரிழிவு இருந்தும் சிறுநீரை ஒருநாளும் சோதித்ததில்லை. நுண்கசிவு இருந்தது. மருந்து தொடங்கினார்கள், உப்பைக் குறைத்தாள். ஐந்தாண்டுகளாகக் கசிவு ஏறவில்லை. அண்ணனுக்கு அந்த மருத்துவர் கேட்ட வினாவை இருபது ஆண்டுகளுக்கு முன் எவரேனும் கேட்டிருந்தால், அல்லது நாங்கள் மாமியைக் கேட்டிருந்தால், அவரும் இன்று ஜீப்பில் மேற்கே போய்க்கொண்டிருக்கக் கூடும். அதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டு வமிசக் குறிப்பேட்டில் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மேலும் ஒரு வரி எழுதத் தொடங்கியிருக்கிறேன்: எந்த வயதில் என்ன நோய் கண்டது, எதனால் மறைந்தார். அத்தாவின் பெயருக்கு எதிரே மாமி சொன்னதை அப்படியே எழுதினேன். சென்ற மாதம் என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அந்த ஏட்டை மறைக்கவில்லை. வந்த பெரியவர் அதை நெடுநேரம் படித்தார். பிறகு, "எங்க வீட்லயும் இதை எழுதணும், எங்க ராவுத்தர் எதுல மவுத்தானாருன்னே எங்களுக்கு இன்னிவரைக்கும் தெரியாது" என்றார்.